ஈட்டி வளையம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. சைட்டில் கொத்தனாரிலிருந்து எஞ்சினியர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஆகாசம். கோபுரக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கம்பிக் கட்டையும் கான்கிரீட் தொட்டியையும் ஏற்றி இறக்குகிற ஆளை வேறெப்படிக் கூப்பிடுவது? காலையில் ஏணியில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் அவர் கால் தரையில் படும். சாப்பாட்டுத் தூக்கும் அவரோடு ஏறும். ஒன்றுக்குப் போகத் தனியாக ஒரு பாட்டில் உண்டு. சிரிக்காதீர்கள். அந்த உயரத்தில் உங்களை உட்கார வைத்தால் பாட்டிலைத் தேடுகிற அவகாசமே இருக்காது.

கீழே அவருக்குக் கண்ணாக இருந்தவன் அவர் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவனை எல்லோரும் விசில் என்பார்கள். கொக்கியில் சுமையை மாட்டுவது, வாக்கி-டாக்கியில் "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்" என்று வழி சொல்வது, ஆபத்தென்றால் கழுத்தில் தொங்குகிற விசிலை ஊதி நிறுத்துவது, இதெல்லாம் அவன் வேலை. ஒருவன் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவருக்குப் புரிந்துவிடும். எஞ்சினியரே பொறாமைப்படுவார்.

இந்த இரண்டு பேருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சுமை தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் வந்து நிற்கும். விசில் பக்கவாட்டில் வந்து அதன்மேல் உள்ளங்கையை வைப்பான். அவன் கை வைத்த பிறகுதான் ஆகாசம் இறக்குவார். மற்ற சைட்டுகளில் சுமையில் கயிறு கட்டி, எட்ட நின்று இழுத்துத் திருப்புவார்கள். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. இவர்கள் கேட்டால்தானே! "எங்க மாமா இறக்குனா பூ விழுற மாதிரி விழும், கயிறு எதுக்குய்யா?" என்பான் விசில். கை வைத்தபின் அவன் கண் சுமையிலேயே இருக்கும். மேலே நிமிர்ந்து பார்க்க மாட்டான். பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததே இல்லை.

இப்படிப்பட்ட மனிதர் கம்ப்யூட்டர் விளையாட்டில் போய் விழுந்ததற்கு மகளைத்தான் சொல்ல வேண்டும். அவள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அது மூலையில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் விசில் வந்து அதைத் துடைத்து, ஒரு விளையாட்டை ஏற்றி வைத்தான்.

நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஸ்காட்லாந்து. தெற்கேயிருந்து ஒரு ராஜா படையெடுத்து வருகிறார். அவர் பக்கம் இரும்புச் சட்டை போட்ட பிரபுக்கள், அவர்களைச் சுமக்கிற பெரிய பெரிய குதிரைகள், நீள வில் பிடித்த ஆட்கள். இந்தப் பக்கம் உழவனும் கொல்லனும் ஆடு மேய்க்கிறவனும்தான். கையில் ஆளைவிட நீளமான ஈட்டி, அவ்வளவே. ஒருத்தர் முடித்ததும் இன்னொருத்தர் என்று முறை வைத்து ஆடுகிற விளையாட்டு இல்லை இது. நீங்கள் மூக்கைச் சொறிகிற நேரத்திலும் எதிரி வந்துகொண்டேயிருப்பான்.

"மாமா, எல்லாத்தையும் மேல இருந்து பாக்கணும், கீழ இருக்கறவங்கள நகத்தணும். அச்சு அசல் உங்க வேலதான்," என்றான் விசில்.

அன்றைக்குப் பிடித்ததுதான் பைத்தியம். ஆறும் சதுப்பும் காடும் மேட்டுநிலமும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடந்தன. ஆட்கள் நகம் அளவுக்கு இருந்தார்கள். போகச் சொன்னால் போனார்கள், நிற்கச் சொன்னால் நின்றார்கள். ஒருத்தனாவது நிமிர்ந்து பார்த்து ஏன், எதற்கு என்று கேட்க வேண்டுமே, கிடையாது. ஆகாசத்துக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. வாராந்திர லீவு நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, இந்தப் பக்கம் மகளின் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் விசிலின் லேப்டாப் என்று வைத்துக்கொண்டு இருவரும் ஒரே கட்சியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆகாசத்தின் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலரும் பட்டனும் சரிபார்க்கிற வேலை செய்கிறாள். தப்பு கண்டுபிடித்தே பழகிய வாய். "என்னைக்கோ செத்துப்போனவங்கள எழுப்பி எழுப்பி மறுபடியும் சாகடிக்கிறீங்களே, பாவமில்லையா? ஜெயிச்சா அந்த நாட்ட உங்க பேருக்கு எழுதித் தரப்போறாங்களா?" என்பாள். ஆனாலும் இருவருக்கும் நடுவில் டீயை வைத்துவிட்டுத்தான் போவாள்.

அந்த விளையாட்டில் ஆகாசத்தின் பொறுப்பு ஈட்டி வளையம். ஈட்டிக்காரர்கள் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நிற்பார்கள். ஈட்டிகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை எந்தப் பக்கம் வந்தாலும் குத்துப்பட்டுச் சாகும். விசில் அதற்கு முள்ளம்பன்றி என்று பெயர் வைத்திருந்தான். நின்ற இடத்திலேயே நின்றால் எட்ட இருந்து அம்பு விட்டுக் கொன்றுவிடுவார்கள். அதனால் வளையம் கலையாமல் மெள்ள நடந்து எதிரியைச் சதுப்புக்குள் தள்ள வேண்டும். அதில்தான் சூட்சுமம். தரையில் மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் வளையம் அப்படியே நடக்கும். இரண்டு தட்டுத் தட்டினால் ஓட்டம் என்று அர்த்தம். ஓடினால் வட்டம் சிதறிப்போகும், சிதறினால் குதிரைகள் உள்ளே புகுந்து மிதித்துவிடும். குதிரைப்படையை ஓட்டுவது விசில். வளையத்தின் முதுகை ஒட்டித் தன் குதிரைகளை ஒளித்து வைத்துச் சமயம் பார்த்துப் பாய்வான். வளையம் உடைந்தால் முதலில் சாவது அவன் ஆட்கள்தான்.

எத்தனையோ தடவை அவர்கள் ஜெயித்த ஆட்டம் அது. கண்ணை மூடிக்கொண்டு ஆடுவார்கள். பிறகு எப்போது என்று சொல்ல முடியாமல், வளையம் உடைய ஆரம்பித்தது.

முதல் தடவை இருவரும் சிரித்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும். அடுத்த லீவிலும் உடைந்தது. அதற்கடுத்த லீவில் ஒரே மத்தியானத்தில் மூன்று ஆட்டம் போயிற்று.

"நடக்கவிடுங்க மாமா! ஏன் ஓட்டுறீங்க?"

"நான் எங்கடா மாப்ள ஓட்டுறேன்... ம்ஹும், இந்த மவுஸு சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

மவுஸ்மேல் பழி போட்டாயிற்றா, புதிதாக ஒன்று வாங்கினார். அதிலும் உடைந்தது. இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். "கல்யாண வயசுல கத்துக்க வேண்டியத இப்ப கத்துக்கறீங்களா?" என்று விசில் கேலி செய்தான். ஆகாசம் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையை மேசைக்கு அடியில் தொடை இடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அவருக்குத் தெரியும். மவுஸ் வாங்கப் போவதற்கு முன்னாலேயே தெரியும். டீயை முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்ற வேண்டாம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தது எதனால்? பட்டன் வைத்த சட்டைகளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கழுத்து வழியாக மாட்டுகிற பனியன் சட்டைக்கு மாறியது எதனால்? யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி நகரத்தின் இன்னொரு கோடியிலிருந்த ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், என்ன வேலை என்று கேட்டார்.

"ஆபீஸ்ல கணக்கு எழுதுறேங்க."

"அப்ப சமாளிச்சுக்கலாம். எழுத்து கொஞ்சம் கோணலாகும், அவ்வளவுதான். வண்டி, மிஷின் இதுலெல்லாம் இருந்தீங்கன்னா இப்பவே விடச் சொல்லியிருப்பேன்."

பாருங்கள், பொய் சொல்லித் தன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்ட பதில் அது. மாத்திரையைச் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் ஒளித்து வைத்து விழுங்கினார். கிரேனில் சுமையை ஏற்றி இறக்குகிற லீவர் வலது கையில்தான் இருக்கும். அதை மாற்ற முடியாது. முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் நடுக்கம் அடங்குவதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தன் கையே தனக்குதவி என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கையே காலை வாரிவிட்டால் என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்லி வைக்கவில்லை. மகளுக்குக் கடைசி வருஷம். இந்த ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். பயந்தார் என்பதுதான் உண்மை. கீழே இறங்கிவிட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

இப்படி இருக்கும்போது ஒரு வாரம் படிக்கட்டுத் துண்டுகளை இறக்கினார்கள். வார்த்து முடித்த கான்கிரீட் படிக்கட்டை மேலேயிருந்து கட்டடத்தில் படிக்கட்டுக்கென்று விட்டிருக்கிற குழிக்குள் இறக்கி, சுவரிலிருக்கிற விளிம்பில் உட்கார வைக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட நிதானம் தேவைப்படுகிற வேலை. விசில் உள்ளே நின்று வழக்கம்போல் கை வைத்தான். "இறக்குங்க மாமா." ஆகாசம் முழங்கையை விலாவில் ஒட்டினார், மூச்சைப் பிடித்தார். சுமை மெள்ள இறங்கியது. விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது கட்டைவிரல் உதறியது. படிக்கட்டு ஒரே துள்ளாகத் துள்ளி இறங்கியது.

நீளமாக ஒரு விசில். அப்புறம் வாக்கியில் பற்களுக்கிடையே ஒரு முனகல்.

படிக்கட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் சிக்கிய நடுவிரல் நசுங்கி, நகம் கறுத்துப்போனதோடு தப்பித்தது. ஒரு விரற்கடை உள்ளே இருந்திருந்தால் கை போயிருக்கும். எல்லோரும் ஓடி வந்தார்கள். எஞ்சினியர் வாக்கியை வாங்கி, "என்ன ஆச்சு ஆகாசம்? காத்தா?" என்று கேட்டார். விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டே விசில்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னான். "காத்துதான் சார். திடீர்னு அடிச்சுது. மாமா கையில தப்பே வராது."

கிரேன் கையின் நுனியில் காற்று பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் கொடி கட்டியிருக்கும். அது தெரிவது கூண்டிலிருக்கிறவருக்கு மட்டும்தான். ஆகாசம் அதைப் பார்த்தார். ஈரத் துணிபோல அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்துதான் சார்," என்றார்.

அடுத்த லீவு நாளில் விசில் விரலில் கட்டோடு வந்தான். ஆகாசம் தலைவலி என்று சொல்லிப் பார்த்தார், அவன் விடவில்லை. "அட வாங்க மாமா, விரல் போன நானே ஆடுறேன்!" மேசையைத் துடைத்தாயிற்று. அவன் குதிரைகளை வளையத்தின் முதுகோடு ஒட்டி நிறுத்திவிட்டு, "ஒரே தட்டு மாமா, ஒரே தட்டு," என்றான். ஆகாசம் தட்டினார். வளையம் ஓடியது, சிதறியது. இரும்புச் சட்டைக்காரர்கள் உள்ளே புகுந்து விசிலின் குதிரைகளை ஒன்றுவிடாமல் வெட்டிச் சாய்த்தார்கள்.

விசிலுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துரலாம். நீங்க ஓட்டுனீங்களா இல்லையான்னு காட்டுறேன்!" அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. முடிந்த ஆட்டத்தை முதலிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். ஆடுகிறவர் எங்கெல்லாம் தட்டினாரோ அங்கெல்லாம் தரையில் ஒரு பச்சை வட்டம் தோன்றி மறையும். லேப்டாப்பில் அதை மெதுவாக ஓடவிட்டான்.

"பாருங்க, இந்தா! ஒரு இடத்துல ரெண்டு வட்டம். இங்க பாருங்க, மூணு! தந்தியா அடிக்கிறீங்க?"

அவன் விடாமல் போன வருஷத்து ஆட்டம் ஒன்றை எடுத்து ஓட்டினான். சுத்தமாக ஒற்றை ஒற்றை வட்டங்கள். நாலு மாதம் கழித்து ஆடியதை ஓட்டினான். அங்கங்கே இரண்டு. புது மவுஸில் ஆடியதில் எல்லாமே இரண்டு. போகப் போக அவன் குரல் இறங்கியது. கடைசியில் திரையை விட்டுவிட்டு மேசைக்குக் கீழே பார்த்தான். தொடை இடுக்கில் அழுத்தி வைத்திருந்த அந்தக் கையைப் பார்த்தான்.

"மாமா," என்றான். "அன்னைக்கு அடிச்சது காத்தா?"

டீயோடு வந்த மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். பொய் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. கட்டுப் போட்ட அந்த விரலைப் பார்த்தார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"என் கை அங்க இருந்துச்சு மாமா!" என்று கத்தினான் விசில். நாற்காலி பின்னால் விழுந்தது. "தெரிஞ்சே இறக்குனீங்களா? நான் காத்துன்னு சொல்றேன், நீங்களும் காத்துன்னு சொல்றீங்க! என்னையக் கொன்னுட்டு எங்க அக்காகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க, காத்துன்னா?"

மனைவி டம்ளர்களை மேசையில் வைத்தாள். "பட்டன் போட முடியலேன்னு எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். "நீங்களா சொல்லுவீங்க, நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அவன் எனக்குத் தம்பிங்க. நீங்க எனக்குப் புருஷன். நான் எந்தப் பக்கம் நிக்கிறது?" சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

முதலில் இறங்கி வந்தவன் விசில்தான். கத்துகிற அளவுக்குத்தான் அவனுக்குக் கோபம் வரும், நிலைக்காது. நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். "சரி. பொண்ணு படிப்பு முடியட்டும்க்கா. நான் வெளிய மூச்சு விடல. நாளையிலேர்ந்து கயிறு கட்டிக்கறேன், எட்டவே நிக்கிறேன். மாமா பாட்டுக்கு இறக்கட்டும்."

ஆகாசம் அவனைக் கும்பிடாத குறைதான். கேவலம் என்று அவருக்கே தெரிந்தது. இருந்தும் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் விசில் சொன்னபடியே கயிறு கொண்டு வந்தான். இன்னொரு படிக்கட்டுத் துண்டு. கயிற்றைக் கட்டி, எட்ட நின்று, "இறக்குங்க," என்றான். முக்கால்வாசி நல்லபடியாக இறங்கியது. குழிக்குள் போனதும் படிக்கட்டு திரும்பிக்கொண்டு சுவரில் முட்டப் பார்த்தது. கயிற்றை இழுத்தும் நேராகவில்லை. விசில் ஒரு கணம் தயங்கினான். பழக்க தோஷம் யாரை விட்டது? கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்து உள்ளங்கையை வைத்துத் திருப்பினான். கை வைத்தபடியே மேலே நிமிர்ந்து பார்த்தான்.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் முகம் நகம் அளவுக்குத்தான் தெரியும். கண் தெரியாது, மூக்கு தெரியாது. ஆனாலும் அவன் பார்க்கிறான் என்பது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் கை வைத்துவிட்டு அவன் ஒரு தடவை கூட மேலே பார்த்ததில்லை. அந்த விளையாட்டில் எந்த ஈட்டிக்காரனும் பார்த்ததில்லை. ஆகாசம் இடது கையையும் கொண்டுவந்து வலது கையோடு சேர்த்து லீவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, கைய எடு."

"இறக்குங்க மாமா, நான் பாத்துக்கறேன்."

"கைய எடு."

"இன்னும் ஒரு சாண்தான் மாமா..."

"கைய எடுறா நாயே!"

செல்லமாக 'டா' போடுவாரே தவிர, கோபத்தில் அவர் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. வாக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். விசில் கையை எடுத்துவிட்டுப் பின்னால் போனான். ஆகாசம் படிக்கட்டைக் குழியிலிருந்து மறுபடி மேலே தூக்கினார். ஒருவரும் இல்லாத மணல் மேட்டுக்குக் கொண்டுபோனார். "எல்லாரும் தள்ளிப் போங்க," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு இறக்கினார். அது தொப்பென்று விழுந்தது, ஒரு மூலை உடைந்தது. அவர் கையால் ஒரு பொருள் உடைந்தது அதுதான் முதல் தடவை. கிரேனை நிறுத்தினார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கீழே எஞ்சினியர் காத்திருந்தார். "என்ன ஆகாசம், பாதியில இறங்கிட்டீங்க? மேல காத்தா?"

"காத்து இல்ல சார். அன்னைக்கும் காத்து இல்ல." வலது கையை முன்னால் நீட்டினார். எல்லோரும் பார்க்கும்படி, அழுத்திப் பிடிக்காமல், அதன் இஷ்டத்துக்கு விட்டார். "இதுதான்."

விசில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கட்டை அவிழ்த்திருந்த விரலில் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

இப்போது ஆகாசத்துக்கு ஸ்டோர் ரூமில் வேலை. ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிறார். சம்பளம் இறங்கிவிட்டது, மனைவி கூடுதல் ஷிப்டு பார்க்கிறாள், மகள் பகுதிநேர வேலை ஒன்று தேடிக்கொண்டாள். லீவு நாளில் மேசையில் இரண்டு கம்ப்யூட்டரும் இன்னமும் ஏறுகின்றன. வளையத்தை விசில் நடத்துகிறான், குதிரைகளை இவர் ஓட்டுகிறார். குதிரைக்கு இரண்டு தட்டு விழுந்தால் தப்பில்லை, ஓடுவதுதானே அதற்கு வேலை. ஆகாசம் என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறார்கள். அதை மாற்றுங்கள் என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கிரேனுக்குப் புது ஆள் வந்திருக்கிறான். இளவட்டம், கெட்டிக்காரன், இறக்கினால் பூ மாதிரிதான் இறக்குகிறான். ஸ்டோர் ஜன்னல் வழியாக ஆகாசம் பார்ப்பார். சுமை ஓர் ஆள் உயரத்துக்கு வந்ததும் விசில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டப் போய் நின்றுவிடுகிறான். கிட்டே வருவதில்லை, கை வைப்பதும் இல்லை.

ஏண்டா மாப்ள என்று ஒருநாள் கேட்டார்.

"சட்டம் மாமா," என்றான்.